மூடி திறவா மன்றம்

கபுவே நகரத்து ரயில்வே குடியிருப்பில் கலும்பா வீட்டுக்கும் ஜேரே வீட்டுக்கும் நடுவே இருந்தது ஓர் ஓட்டை வேலியும், அதன்மேல் சாய்ந்த பப்பாளி மரமும்தான். வார நாட்களில் அந்த ஓட்டை வழியாக உப்பும் சோளமாவும் வசவும் தாராளமாகப் போய்வந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் கலும்பா அந்தப் பக்கம் தலையைத் திருப்பமாட்டார். திருப்பினால் வயிறு எரியும்.

காரணம் ஜேரேயின் கம்ப்யூட்டர்.

அது ஒன்றும் புதுசு இல்லை. கலும்பாவிடம் இருந்ததும் அதே ரகம்தான். ஏதோ ஒரு தேசத்து அலுவலகம் கழித்துப்போட்ட பழுப்புப் பெட்டிகளை ஒரு தர்ம ஸ்தாபனம் கப்பலேற்றிக் கொண்டுவந்து, ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்களுக்கு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. ஒரே லாரியில் வந்த பெட்டிகள். ஜேரே வீட்டில் இறங்கியது ஓடியது. கலும்பா வீட்டில் இறங்கியது சில காலம் ஓடி, பிறகு பொத்தானை அமுக்கினால் மூன்று தரம் 'பீப்' என்று கத்திவிட்டு இருட்டுத் திரையோடு உட்கார்ந்துகொண்டது.

கலும்பாவின் மகள் சிலேஷே லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே அவளுக்கு ஒரு பையன் பிறந்திருந்தான், லுபுட்டோ என்று பெயர். ஞாயிறுதோறும் அவள் ஜேரேயின் திரையில்தான் வந்து பேசுவாள். தேவாலயப் பூசை முடிந்ததும் கலும்பாவின் மனைவி பெலிஸ்தா புதுச் சிட்டெங்கே துணியை இடுப்பில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, வறுத்த வேர்க்கடலைக் கிண்ணத்தோடு வேலி ஓட்டையில் நுழைந்துவிடுவாள். கலும்பாவும் ஆரம்பத்தில் போனவர்தான். ஒருநாள் திரையில் இருந்த லுபுட்டோ பொக்கை வாயைத் திறந்து, ஜேரேயைப் பார்த்துக் கை நீட்டி, "ஆகோகோ!" என்றான்.

தாத்தா என்று அர்த்தம். அதுவும் ஜேரேயின் கிழக்கத்திப் பாஷையில். பெம்பா இனத்து ரத்தம் ஓடுகிற பிள்ளை, வாழ்க்கையில் முதல் முதலாகத் தாத்தா என்று கூப்பிட்டது பக்கத்து வீட்டுக்காரனை, அந்த ஆளின் பாஷையில். பெம்பாக்களும் கிழக்கத்திக்காரர்களும் கேலி முறை கொண்டவர்கள். மச்சான் என்று தோளில் கை போடுவார்கள், அதே வாயால் எலி தின்னி, குரங்கு தின்னி என்பார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனாலும் கலும்பா அன்றைக்கு எழுந்து வந்தவர்தான். அப்புறம் போகவில்லை.

"பொறாமையிலயே வெந்து சாகப்போறீங்களா சிலேஷே அப்பா?" என்றாள் பெலிஸ்தா. "மக அனுப்பின காமிரா பெட்டி பிரிக்காமலே கிடக்கு. நம்ம மெஷினைச் சரிபண்ணினா பேரன் நம்ம வீட்டுக்கே வருவான் இல்ல? மன்றத்துல போய்ச் சொல்லுங்க."

மன்றம் என்பது பழைய இல்லக் கம்ப்யூட்டர் பராமரிப்பு மன்றம். கம்ப்யூட்டர்களைக் கொடுத்த ஸ்தாபனம் போகிறபோக்கில், "பராமரிப்புக்கு ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனது. லாரியிலிருந்து பெட்டிகளை இறக்குவதற்குள் மன்றத்துக்குத் தலைவர், துணைத்தலைவர், புரவலர், துணைப்புரவலர் எல்லாரும் அமைந்துவிட்டார்கள். மன்றத்தின் முதல் தீர்மானம்: எந்தக் கம்ப்யூட்டரின் மூடியையும் யாரும் திறக்கக்கூடாது. திறந்தால் தூசி உள்ளே போகும். அதற்காக ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் சிவப்பு முத்திரை ஒன்றை ஒட்டினார்கள். கலும்பா ஆயுள் முழுக்கச் சிக்னல் பார்த்தவர். சிவப்பைக் கண்டால் கை கட்டி நிற்பது அவருக்கு எலும்பில் ஊறிப்போயிருந்தது.

மன்றத்தின் அலுவலகத்தில் செயலாளர் நாமுகோலோ அம்மையார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கையால் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் மன்றத்தின் சொந்தக் கம்ப்யூட்டர், வாங்கிய நாளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை கலையாமல் இருந்தது. மின்விசிறி அதைப் பார்த்துச் சுழன்றது.

"என்ன கோளாறு?"

"மூணு தரம் கத்துதும்மா. திரை இருட்டா இருக்கு."

"கத்தினா ஒலி உபகுழு. இருட்டுன்னா ஒளி உபகுழு. உங்க மெஷின் ஒரே நேரத்துல ரெண்டு உபகுழுவைக் கூப்பிடுது. கொஞ்சம் திமிர் பிடிச்ச மெஷின் போல."

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்து பார்த்தா..."

"அவங்க பேசிக்கிறதில்ல. போன கிறிஸ்துமஸ் ஆட்டுல தலை யாருக்குங்கறதுல ஆரம்பிச்ச சண்டை." அம்மையார் பேனாவை வைத்தார். "ஜேரே ஐயாவோட மெஷினைப் பாருங்க. ஒரு நாள், ஒரு புகார்? அதான் மன்றத்தோட கேடயம் வருஷா வருஷம் அவர் வீட்டுக்குப் போகுது."

கலும்பாவுக்கு அந்தக் கேடயத்தையும் தெரியும். ஜேரே அதைச் சன்னலோரம் வைத்திருந்தான். காலை வெயில் அதில் பட்டுத் தெறித்துக் கலும்பாவின் தேநீர்க் கோப்பையில் விழும்.

முதலில் ஒலி உபகுழு வந்தது. மூவரும் தேவாலயப் பாடகர் குழுவைச் சேர்ந்தவர்கள். வந்தவர்களை வெறும் வாயோடு எப்படி அனுப்புவது? பெலிஸ்தா ஒரு கோழியைப் பிடித்தாள். ஷிமா என்கிற சோளக் களியும் குழம்பும் உள்ளே போனபிறகு அவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போடச் சொன்னார்கள். பீப், பீப், பீப். "இன்னொரு தரம்" என்றார்கள். அப்புறம் ஒருவர் தாழ்ந்த குரலிலும் இன்னொருவர் உச்சக் குரலிலும் அதோடு சேர்ந்து பாடிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

"குரல்ல ஒரு குறையும் இல்ல" என்றார் மூத்தவர். "பேசாத மெஷினைப் பார்த்துதான் பயப்படணும். இது தெளிவாப் பேசுது."

"என்ன பேசுதுங்க?"

"அது மொழி உபகுழுவோட வேலை. அதை இன்னும் அமைக்கல."

அடுத்து ஒளி உபகுழு வந்தது. இன்னொரு கோழி போனது. அவர்கள் திரைச்சீலையை இழுத்து மூடினார்கள், திறந்தார்கள், டார்ச் விளக்கைத் திரைமேல் அடித்தார்கள். நெடுநேரம் தங்களுக்குள் குசுகுசுத்துவிட்டு, "வெளிச்சம் உள்ள போகுது, திரும்பி வரல" என்று முடிவு சொன்னார்கள். திரையைக் கிளிசரின் போட்டுத் துடைக்கச் சொன்னார்கள். பெலிஸ்தா துடைத்தாள். இருட்டு பளபளத்தது.

வேலிக்கு அப்பாலிருந்து ஜேரேயின் குரல் வந்தது. "மச்சான்! உங்க வீட்டுல கம்ப்யூட்டர் ரிப்பேரா, கல்யாணமா? தினம் கோழி வாசனை!"

"எலி தின்னிக்குக் கோழி வாசனை எப்படித் தெரியும்?"

"அட குரங்கு தின்னி, உன் பேரன் கேட்டான், அந்தக் கோபக்காரத் தாத்தா எங்கேன்னு."

"அவனுக்கு அந்த ஒரு வார்த்தைக்கு மேல பேச்சே வரல!"

"கண்ணாலயே கேட்டான்."

கலும்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு உபகுழுவும் கைவிட்டதால், கடைசி மருந்தாக 'அணைத்துப் போடும் வைபவம்' நடத்துவதென்று மன்றம் முடிவுசெய்தது. கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போடும் அதிகாரம் தலைவர் ஒருவருக்கே உண்டு.

"அணைச்சுப் போடறதா? அதை நான் தினமும் பண்றேனேம்மா" என்றார் கலும்பா.

நாமுகோலோ அம்மையார் கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொல்லல. நான் கேக்கல."

வைபவத்தன்று கலும்பாவின் முற்றத்தில் பந்தல் போட்டார்கள். கம்ப்யூட்டரை வெளியே கொண்டுவந்து வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைத்து, ஒயரைச் சன்னல் வழியாக இழுத்தார்கள். பாடகர் குழு பாடியது. கேடயத்துக்கு உரியவன் என்ற முறையில் ஜேரே முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். தலைவர் சிசெங்கா எழுந்தார். நிலப்பதிவு இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். அவர் உட்கார்ந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

"அன்பானவர்களே! நம்முடைய மன்றம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு கம்ப்யூட்டரைக்கூட நாம் பழுதுபார்த்ததில்லை. இதைப் பெருமையோடு சொல்கிறேன். பழுதுபார்ப்பது என்றால் என்ன? பழுதானதை ஒப்புக்கொள்வது! நம் பராமரிப்பில் பழுது என்ற ஒன்று எப்படி வரும்? சிலர் என்னிடம் கேட்கிறார்கள், ஐயா, உங்களுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரியுமா என்று. தெரியாது. தெரிந்திருந்தால் கை சும்மா இருக்குமா? மூடியைத் திறந்திருப்பேன். அறியாமைதான் இந்த மன்றத்தின் அஸ்திவாரம். அதை ஒருபோதும் அசைய விடமாட்டேன்!"

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் விரலை நீட்டிப் பொத்தானை நோக்கிக் கொண்டுபோனார். விரல் படுவதற்கும் தெரு முழுக்க மின்சாரம் போவதற்கும் சரியாக இருந்தது.

தலைவர் அசரவில்லை. "அணைத்தல் தானாகவே நிறைவேறிவிட்டது" என்று அறிவித்தார். 'போடுதல்' மட்டும் பாக்கி. மின்சாரம் வரும்வரை விருந்து நடந்தது. கோழிக்கூட்டில் மிச்சமிருந்ததும் காலியானது. வெயில் சாயும்போது மின்சாரம் வந்தது. தலைவர் பொத்தானை அமுக்கினார்.

பீப், பீப், பீப். திரை இருட்டு.

"அணைந்திருந்தது, போடப்பட்டது" என்றார் தலைவர். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கலும்பா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் தலைவர் அந்த வருஷத்துக் கேடயத்தைக் கையில் எடுத்தார்.

"இந்தக் கம்ப்யூட்டரைப் பாருங்கள். முத்திரை கன்னி கழியாமல் இருக்கிறது. விசைப்பலகையில் ஒரு எழுத்துக்கூடத் தேயவில்லை. திரையில் முகம் பார்க்கலாம். சென்ற வாரம் திரு. ஜேரேயின் வீட்டுக்குத் திடீர் ஆய்வுக்குப் போயிருந்தேன். வருத்தத்தோடு சொல்கிறேன், விசைகளில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கின்றன. யாரோ அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்! இது பராமரிப்பா? ஆகவே இவ்வருடச் சிறந்த பராமரிப்புக் கேடயம் திரு. கலும்பாவுக்கு!"

ஜேரேயின் கால் மேலிருந்த கால் கீழே இறங்கியது. அந்த முகத்தைக் கண்டதும் கலும்பாவின் நெஞ்சில் தேன் ஒழுகியது. உண்மையைச் சொல்வதென்றால், கம்ப்யூட்டர் ஓடவில்லை என்பதே கொஞ்ச நேரம் அவருக்கு மறந்துபோயிற்று. கேடயத்தைப் பாலிஷ் போட்டு, காலை வெயில் ஜேரே வீட்டுக்குள் தெறிக்கிற கோணம் பார்த்துச் சன்னலில் வைத்தார். ஜேரே அந்தப் பக்கத்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டான். அதைப் பார்க்கப் பார்க்கக் கலும்பாவுக்குத் திகட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேர்க்கடலைக் கிண்ணத்தோடு போன பெலிஸ்தா, போன சூட்டிலேயே திரும்பினாள். கிண்ணம் நிறைந்தபடி இருந்தது.

"என்ன ஆச்சு?"

"மெஷினுக்குத் தலைவலியாம். கதவைப் பாதிதான் திறந்தார்." பெலிஸ்தா கிண்ணத்தை மேசையில் வைத்த வேகத்தில் கடலை தரையெல்லாம் உருண்டது. "பேரனுக்குப் பல்லு முளைச்சிருக்குன்னு மக சொல்லிவிட்டிருந்தா. ஒரு வாரமா அதைப் பார்க்கத்தான் காத்துட்டிருந்தேன். உங்களுக்கென்ன, அதோ பளபளன்னு இருக்கே, அதை மடியில வச்சுத் தாலாட்டுங்க!"

அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கவில்லை. அழுகிறாள் என்று தெரிந்தது. கலும்பா உருண்ட கடலைகளைக் குனிந்து பொறுக்கினார். பல் எப்படி இருக்கும்? அரிசி மாதிரியா? அவருக்கும் பார்க்க வேண்டும்போல்தான் இருந்தது.

சாயங்காலம் வேலி ஓட்டைக்குப் போனார். ஜேரே அந்தப் பக்கம் பப்பாளி மரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், உன் மெஷினுக்குத் தலைவலி எப்படி இருக்கு?"

"கேடயம் இருக்கிற வீட்டுல கேளு. அவங்களுக்குத்தான் பராமரிப்பு தெரியும்."

"ஒண்ணு கேக்கறேன். உன்னுது ஓடுது, என்னுது ஓடல. ரெண்டுமே மன்றத்துக் கையிலதான் இருக்கு. எப்படி?"

ஜேரே முழங்காலை விட்டுவிட்டு நிமிர்ந்தான். தோற்றவனுக்கு உண்மையைச் சொல்லிவிடுவதில் ஒரு சுகம் உண்டு. "மன்றத்துக் கையிலயா? மொத மழைக்காலத்துலயே என்னுதும் கத்த ஆரம்பிச்சுது. கெண்டி ஆவியில காட்டி முத்திரையைக் கிழியாம எடுத்தேன். திறந்தேன், துடைச்சேன். ஆய்வுக்கு வர்ற அன்னிக்கு ஷிமாவைப் பிசைஞ்சு பசை பண்ணி ஒட்டிடுவேன். தலைவர் தடவிப் பார்த்துட்டு, எவ்வளவு உறுதியா இருக்கு பாருங்கம்பார்."

கலும்பா வேலியைப் பிடித்துக்கொண்டார். "சிவப்பைத் தாண்டியா போன?"

"சிவப்புக்குப் பின்னால ரயிலே வரலடா."

"என்னுதையும் பார்த்துக் குடு மச்சான்."

ஜேரே எழுந்து வேட்கையோடு கலும்பா வீட்டுச் சன்னலைப் பார்த்தான். "கேடயத்தைக் குடு."

வெட்கக்கேடு என்னவென்றால், கலும்பா யோசித்தார். நின்று நிதானமாக யோசித்தார். பேரனின் பல் ஒரு பக்கம், ஜேரேயின் இழுத்துவிட்ட திரைச்சீலை ஒரு பக்கம். வாசலில் பெலிஸ்தா வந்து நின்றது நிழலில் தெரிந்தது. கலும்பா உள்ளே போய்க் கேடயத்தை எடுத்துவந்து வேலி ஓட்டை வழியாக நீட்டினார். நீட்டினாரே தவிர விடவில்லை. ஜேரே இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஜேரே திருப்புளியும் பெயின்ட் பிரஷ்ஷும் கொண்டுவந்தான். மின் ஒயரை முதலில் பிடுங்கச் சொன்னான். முத்திரையைக் கலும்பாதான் கிழித்தார். ஆவி காட்டப் பொறுமை இல்லை, பிய்ந்தே வந்தது. மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். உள்ளே தூசி மெத்தை விரித்திருந்தது. விசிறியின் இறக்கைகளில் கம்பளி நெய்த மாதிரி அழுக்கு. மூலையில் ஓர் எலிக்கூடு, பழைய கந்தலும் காகிதமுமாக.

"உன் மத்தியானச் சாப்பாடு ஓடிப்போச்சு மச்சான்" என்றார் கலும்பா.

"வாயை மூடிட்டு இரும்புல கையை வை. உடம்பு மின்சாரம் இறங்கட்டும்." ஜேரே பிரஷ்ஷால் தூசியை வாரினான். ரேம் என்கிற பட்டையான ஞாபக அட்டையை இரண்டு பக்கக் கொக்கியையும் தள்ளி வெளியே எடுத்தான். அதன் பொன்னிறப் பற்கள் கறுத்திருந்தன. "இதுக்காகத்தான் கத்துது. ஞாபகம் கையில கிடைக்கலைன்னு கத்துது." அழிரப்பரால் பற்களை மெல்லத் தேய்த்தான், துணியால் துடைத்தான், இரண்டு பெருவிரலாலும் அழுத்தி 'டக்' என்று உட்காரவைத்தான். காசு அளவுக்கு இருந்த செத்த பேட்டரியைப் பிடுங்கி, தன் சட்டைப்பையிலிருந்து புதுசு ஒன்றைப் போட்டான். தளர்ந்த ஒயர்களையெல்லாம் ஒருதரம் அழுத்திவிட்டான்.

பொத்தானைக் கலும்பா அமுக்கினார். பீப். ஒரே ஒரு பீப். விசிறி சுழன்றது. திரையின் இருட்டு நீலமாக வெளுத்தது. பெலிஸ்தா பின்னாலிருந்து நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டதில் ஜேரே திருப்புளியைத் தவறவிட்டான்.

அந்த ஞாயிறு, மகள் அனுப்பிய காமிராவைப் பிரித்து மாட்டியதும், லுபுட்டோ சொந்தத் தாத்தா வீட்டுக்கு வந்தான். பல் அரிசி மாதிரி இல்லை, வெட்டின தேங்காய்ச் சில் மாதிரி இருந்தது. கலும்பா திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

குற்றம் வெளியானது காதால்தான். ஒலி உபகுழுவின் மூத்தவர் தெருவில் போகும்போது கலும்பா வீட்டில் ஒரு பீப் மட்டும் கேட்டது. இரண்டு குறைகிறதே என்று அவர் அங்கேயே நின்றுவிட்டார். அடுத்த ஞாயிறு மத்தியானம், மகள் திரையில் பேசிக்கொண்டிருக்கும்போதே, மன்றம் முழுவதும் முற்றத்தில் வந்து நின்றது. தலைவர் மட்டும் புது முத்திரையும் பசையுமாக உள்ளே வந்தார்.

"கம்ப்யூட்டர் ஓடுகிறது" என்றார் பயங்கரமாக. "இருண்டுபோன எந்தக் கம்ப்யூட்டரும் மூடி திறக்கப்படாமல் இந்தக் குடியிருப்பில் மறுபடி ஓடியதில்லை. ஆகவே ஓடுவதே குற்றத்துக்குச் சாட்சி. பழைய நிலைக்குக் கொண்டுவரவேண்டும்."

"கொண்டுவாங்க" என்றாள் பெலிஸ்தா. "எப்படின்னு தெரியுமா?"

தலைவருக்குத் தெரியாது. அதற்கு என்ன உபகுழு என்று அவர் யோசிப்பதற்குள் திரையிலிருந்து சிலேஷே, "வணக்கம் சிசெங்கா மாமா! உங்க டேவிசன்கூட இங்கதான், பக்கத்து ஊருல இருக்கான். கூப்பிடட்டுமா?" என்றாள்.

தலைவரின் கையிலிருந்த பசைப் புட்டி சாய்ந்தது. மகன் வெளிநாடு போய் எத்தனையோ வருஷம். அலுவலகத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. அவர் திரையைப் பார்த்த பார்வை கலும்பாவுக்குப் புதிதல்ல. அடுத்தவன் தட்டைப் பசிக்காரன் பார்க்கிற பார்வை. கலும்பா வேலிக்கு இப்பால் அதே பசியோடு பலகாலம் இருந்தவர். பேசாமல் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

டேவிசன் திரையில் வந்தான். தலையில் பாதி நரை. "அப்பா" என்றான். மேடை கண்டால் நிறுத்தத் தெரியாத சிசெங்கா, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் அதையே திரும்பக் கேட்டார்.

வெளியே மன்றம் பொறுமை இழந்து இருமியது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். சுவரில் தனியாகச் சாய்ந்திருந்த மூடியைக் கண்டார். முத்திரையில் பசை தடவி, அந்த மூடியின்மேல் அழுத்தமாக ஒட்டினார். சன்னல் வழியாக, "மூடி முத்திரையிடப்பட்டது!" என்று அறிவித்தார். முற்றம் கைதட்டியது. "முத்திரை காயும்வரை நான் கூட இருந்து கண்காணிக்கிறேன். நீங்கள் போகலாம்."

அந்த முத்திரை ஒரு ஞாயிற்றில் காயவில்லை. வாரம் தவறாமல் தலைவர் கண்காணிக்க வந்தார். கலும்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, கலும்பாவின் வேர்க்கடலையை மென்றுகொண்டு, மகனோடு பேசினார். பேச்சு நீண்டுகொண்டே போனது. பெலிஸ்தாவும் கன்னத்தில் கை வைத்து உருகி உருகிக் கேட்டாள். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கலும்பா முற்றத்துக்கு வந்தார்.

வேலி ஓட்டையில் ஜேரேயின் தலை தெரிந்தது. "என்ன மச்சான், எரியுதா?"

"எரியுது. என் மக நேரத்தையெல்லாம் அவர் மகனே தின்னுடறான்."

"வா, என்னுது சும்மாதான் இருக்கு."

கலும்பா தயங்கினார், பிறகு குனிந்து ஓட்டைக்குள் நுழைந்தார். ஜேரே பொத்தானை அமுக்கினான். கலும்பா பெருமூச்சு விடுவதற்குள் திரை வெளிச்சமாகிவிட்டது.

"உன்னுது என்னுதைவிடச் சீக்கிரமா எழுந்திருக்குதே! எப்படிடா?"

"மெதுவாப் பேசு மச்சான்" என்றான் ஜேரே. "மன்றத்துக் காதுல விழுந்தா, பொறாமைக்கும் ஒரு உபகுழு போட்டுடுவாங்க."